கதை ஒட்டாத சண்டைப் படங்கள்: டர்பன் அனுபவங்கள்

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒருவர்:

ஜாக்கி சானின் ‘ஹூ ஆம் ஐ?’ 1998-இல் வந்தது. படத்தில் ஒரு பெரும் பகுதியை நம் தென்னாப்பிரிக்காவிலேயே எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கதை இதுதான். விஞ்ஞானிகளைக் கடத்தும் ஒரு ரகசியப் படையில் ஜாக்கி இருக்கிறார். ஹெலிகாப்டரிலிருந்து விழுந்ததில் நினைவு போய்விடுகிறது. கிராமத்து மக்கள் காப்பாற்றுகிறார்கள். ‘நான் யார்?’ என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டதையே பெயராக எடுத்துக்கொண்டு ‘ஹூஆமை’ என்று கூப்பிடுகிறார்கள். அப்புறம் ஒரு கார்ப் பந்தயம், ஜோகன்னஸ்பர்க், உளவுத்துறை, விண்கல், கடைசியில் ரோட்டர்டாம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டே கிடையாது. இடைவேளைக்குள் நான் சலித்துப் போனேன்.

அப்பா சலிக்கவில்லை. என் தாத்தா கோயில் திருவிழாக்களில் தெருக்கூத்து ஆடியவர். இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்பார்களே, அதுதான். விடிய விடிய அதைப் பார்த்து வளர்ந்த அப்பாவுக்கு திரௌபதி கதையில் அடுத்து என்ன நடக்கும் என்பது எப்போதுமே தெரியும். அவர் பார்ப்பது அடவை. ரோட்டர்டாமில் ஜாக்கி மரச்செருப்பைப் போட்டுக்கொண்டு சண்டை போடும்போது என் கையை அழுத்தி, “காலைப் பாருடா, தாளத்தைப் பாரு” என்றார். பார்த்தேன். கேமரா தள்ளி நின்று முழு உடம்பையும் காட்டுகிறது. அடி கிளம்பும் இடமும் விழும் இடமும் ஒரே காட்சியில் தெரிகிறது. ஜாக்கி சிறுவயதில் பத்து வருஷத்துக்குப் பக்கமாகப் பீக்கிங் ஆபரா என்னும் சீன இசைக்கூத்துப் பள்ளியில் அடியும் உதையும் வாங்கிப் பயின்றவர். கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. வில்லெம்ஸ்வெர்ஃப் கட்டடத்தின் மொட்டைமாடிச் சண்டையில் ரான் ஸ்மூரன்பர்க் என்ற டச்சுக்காரர் நீளமான காலை வீசுவார். அது முடிந்ததும் அதே கட்டடத்தின் சரிவான முகப்பில் ஜாக்கி சறுக்கிக்கொண்டு இறங்குவார். அப்பா இருக்கையை விட்டே எழுந்துவிட்டார்.

ஆனால் ஒரு வருத்தம் இன்றுவரை இருக்கிறது. எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் 1994-இல் முடிந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. நம் நாடு திரையில் வருகிறது என்று ஆசையோடு போனால், அந்தக் கிராமத்தார் முகத்தில் சாயம் பூசிய ஒரு கூட்டமாகத்தான் வருகிறார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்ற அக்கறையே கதைக்கு இல்லை. என்னோடு வேலை செய்த ஸூலு இனத்து நண்பர் ஒருவர் பிறகு வீடியோவில் பார்த்துவிட்டு, “இவர்கள் எந்த மக்கள்?” என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மற்ற ஓட்டைகளை எல்லாம் சண்டைக்காகப் பொறுத்துக்கொள்வேன். இதை முடியவில்லை.

டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒருவர்:

தம்பி, உங்கள் அப்பா பார்த்த பார்வை சரிதான். என் அனுபவம் கொஞ்சம் வேறு. 1970-களில் வெள்ளையர் தியேட்டருக்குள் நம்மை விடமாட்டார்கள். கிரே தெருவில் ஷா ஜஹான், விக்டோரியா தெருவில் அவலான், இவைதான் நமக்கு. 1976 வரை இந்த நாட்டில் டிவியே கிடையாது. குங்ஃபூ படம் வந்தால் சனிக்கிழமை தெரு நிறையக் கூட்டம். முடிந்து வெளியே வரும் பையன்கள் பஸ் நிறுத்தம் வரை காற்றை உதைத்துக்கொண்டே போவார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

கதை மெலிது என்கிறீர்கள். ஊரை மிரட்டும் முதலாளி, அடி வாங்கும் ஏழை, ஒருநாள் அவன் திருப்பி அடிக்கிறான். இவ்வளவுதான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் வீட்டை இழந்து வந்த எங்களுக்கு அது மெலிதாகப் படவில்லை. வெள்ளைத் தோல் இல்லாத ஒருவன் நிமிர்ந்து நின்று அடிப்பதை வேறு எந்தப் படத்தில் பார்த்தோம்? ஒரே படத்தை மூன்று வாரம் தொடர்ந்து பார்த்திருக்கிறேன்.

டர்பனுக்குப் பக்கத்து ஊரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர்:

நான் கராத்தே கற்றுக்கொடுக்கிறேன். 2017-இல் ‘குங்ஃபூ யோகா’வை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். மகத நாட்டுப் புதையல், துபாயில் கார்த் துரத்தல், காருக்குள் சிங்கம். கதை ஒட்டாததுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சிங்கமும் கணினி வேலை மாதிரித்தான் தெரிந்தது, அடியிலும் பாதி வெட்டு ஒட்டு. என் மாணவர்களுக்குக் காட்ட ஒரு உதைகூட அதில் தேறவில்லை. அதற்கு அந்த மரச்செருப்புச் சண்டையைத்தான் இன்றும் போட்டுக் காட்டுகிறேன், மெதுவாக ஓட விட்டு.

ஆனால் கடைசியில் சண்டையை அப்படியே நிறுத்திவிட்டு, வில்லன் சோனு சூத் உட்பட எல்லோரும் ஆட ஆரம்பிப்பார்கள். எங்கள் ஆயா (பாட்டி) அந்தப் பாட்டுக்குக் கைதட்டிக்கொண்டே எழுந்தார். திரும்பப் போடச் சொல்லி இரண்டு தடவை பார்த்தார்.