அச்சில் இல்லாத நாவலின் பிடிஎஃப்: படிக்கலாமா, பகிரலாமா?

பழுப்புத்தாள்:
அன்பர்களுக்கு வணக்கம். 1981இல் சென்னையில் வெளியான ஒரு நாவலைப் பல ஆண்டுகளாகத் தேடிவந்தேன். பதிப்பகம் மூடப்பட்டுவிட்டது, பழைய புத்தகக் கடைகளிலும் அகப்படவில்லை. சென்ற வாரம் ஒரு டெலிகிராம் குழுவில் அதன் பிடிஎஃப் கிடைத்தது. முதல் பக்கத்தில் ஏதோ ஒரு நூலகத்தின் முத்திரை, 43ஆம் பக்கத்தின் ஓரத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல். ஆசிரியர் 2004இல் காலமானவர். விற்பனையிலேயே இல்லாத நூலைப் படிப்பதால் யாருக்கு நட்டம்? நண்பர்களுக்கும் அனுப்பலாமா?

ஈயஎழுத்து:
கடையில் கிடைக்கவில்லை என்பதால் உரிமை காலாவதியாகிவிடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். ஆகவே, இடையில் அரசு நாட்டுடைமை ஆக்கி, எவரும் வெளியிடலாம் என்று ஆகாவிட்டால், 2064 முடியும்வரை இந்நூலுக்கு உரிமையாளர் உண்டு. பழைய நூல் என்றாலே நாட்டுடைமை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அரசு அப்படி அறிவித்த நூல்களே நாட்டுடைமையானவை; அதற்காகப் பெரும்பாலும் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை வழங்கப்படும். தெரிந்தே மீறுவோருக்கு 63ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக ஆதாயம் இல்லாத இடத்தில், தக்க காரணம் காட்டி நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம்.

கூழாங்கல்:
நான் எழுதுகிறவன் என்பதால் என் பேச்சில் சார்பு இருக்கும், பொறுத்தருள்க. என் நாவல் 300 பிரதிகள் அச்சானது. விலை 250 ரூபாய், எனக்கு 10 விழுக்காடு. அத்தனையும் விற்றால் 7,500 ரூபாய். புத்தகக் காட்சி முடிவதற்குள் அதன் பிடிஎஃப் ஒரு குழுவில் வந்துவிட்டது. கீழே நாற்பது பேர் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார்கள், அவர்களில் இருவர் எனக்குத் தெரிந்தவர்கள். உங்கள் 1981 நாவலையும் என் நாவலையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் மறைந்துபோன நூலை மீட்டுத் தருகிற அதே குழுதான் அடுத்த வரியில் போன மாதம் வந்த நூலையும் தருகிறது. முன்னதற்காக நாம் சொல்லும் நியாயம் பின்னதற்கும் போர்வையாகிவிடுகிறது.

ஏணிப்படி:
இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைக் கன்னிமாரா நூலகத்திற்கு அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எல்லாப் பதிப்பகங்களும் ஒழுங்காக அனுப்பினவா என்பது வேறு கதை. ஆயினும் அங்கே முதலில் கேளுங்கள். விற்பனையில் இல்லாத நூலை, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று படிகள் வரை எடுத்துக்கொள்ளவும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. அந்தக் கட்டைவிரல்காரர் நூலகரிடமே சொல்லி எடுத்திருக்கலாம்.

பழுப்புத்தாள்:
அனைவருக்கும் நன்றி. நாவலை நேற்றே படித்து முடித்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நண்பர்களுக்கு அனுப்பவில்லை. முன்னுரையின் அடியில் ஆசிரியரின் வீட்டு முகவரி இருக்கிறது. மறுபதிப்புக்கு இசைவு தருவார்களா என்று கேட்டு, அந்த முகவரிக்கு இன்று கடிதம் போட்டிருக்கிறேன்.