16 அங்குல ஜூபிலி இசைத்தட்டுகள்: ஒலியைப் பிரதியெடுக்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ வானொலி 1942இல் தொடங்கிய ‘ஜூபிலி’ ஜாஸ் நிகழ்ச்சியின் தட்டுகள் இரண்டு கிடைத்திருக்கின்றன. கறுப்பினக் கலைஞர்களை முன்னிறுத்திய நிகழ்ச்சி. எர்னி விட்மனின் கலகலப்பான அறிவிப்புக்காகவே கேட்கலாம்.

சிக்கல் என்னவென்றால், தட்டின் அகலம் 16 அங்குலம். என் டர்ன்டேபிளில் 12 அங்குலத்துக்கு மேல் போகாது. வேகம் எல்.பி. எனும் நெடுநேர இசைத்தட்டைப் போல நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான், ஆனால் ஒலி பதிந்த பள்ளம் அகலம், எல்.பி. முள் அடியில் இறங்கி உரசும், இரைச்சல்தான் மிஞ்சும்.

16 அங்குலத் தட்டு ஓட்டும் கருவி யாரிடமாவது உண்டா? எந்த அளவு முள் போட்டீர்கள்? அப்புறம், லேபிளில் நிகழ்ச்சி எண் மட்டுமே இருக்கிறது. அதை வைத்துப் பதிவான தேதியைக் கண்டுபிடிக்க வழி தெரிந்தால் சொல்லுங்கள். தபாலில் அனுப்ப மனமில்லை, நேரில் கொண்டுவருகிறேன்.