16 வயதுத் தடை: பிள்ளைகளுக்கு நல்லதா, வெறும் கண்துடைப்பா?

மெல்பர்ன்மீனா:
இங்கே ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே யாரும் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூபில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10இல் அமலுக்கு வந்தது. நான் முழுசா ஆதரிக்கிறேன். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை கிடையாது, அபராதம் கம்பெனிக்குத்தான், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. "எல்லாரும் வச்சிருக்காங்க, எனக்கு மட்டும் ஏன் இல்லை" என்ற தினசரிச் சண்டைக்கு இப்போதுதான் என்னிடம் பதில் இருக்கிறது.

கோவைக்காரன்:
அக்கா, தென்கொரியாவில் 2011இலேயே செய்து பார்த்தாச்சு. நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கம்ப்யூட்டரில் ஆன்லைன் கேம் ஆடக்கூடாது. என்ன ஆச்சு? பசங்க அப்பா அம்மாவின் குடிமக்கள் பதிவு எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள், அப்புறம் ஆட்டமே மொபைலுக்கு மாறிவிட்டது, அது சட்டத்தில் இல்லை. 2021இல் அரசே ரத்து என்று அறிவித்தது. அங்கே பையன் டியூஷன் முடிந்து வீட்டுக்கு வருவதே ராத்திரி பத்து மணிக்கு, நண்பனோடு சிரிக்கக் கிடைக்கிற கொஞ்ச நேரத்தையும் பிடுங்கிவிட்டு மனநலம் என்றால் எப்படி?

மெல்பர்ன்மீனா:
தம்பி, கேமும் இதுவும் ஒன்றா? ஒன்பதாவது படிக்கிற பெண், போட்ட படத்துக்கு லைக் வரவில்லை என்று பத்து நிமிடத்தில் அழித்துவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று வேறு படம் எடுத்துப் போடுகிறாள். இன்ஸ்டாகிராமை நடத்தும் ஃபேஸ்புக் கம்பெனியில் முன்பு வேலை பார்த்த பிரான்சஸ் ஹாகன் 2021இல் வெளியே கொண்டுவந்த கம்பெனி ஆவணங்களில், தன் உடம்பைப் பற்றிக் குறைப்படுகிற பெண்பிள்ளைகள் பலருக்கு இன்ஸ்டாகிராம் அதை மோசமாக்குகிறது என்று அவர்கள் ஆட்களே எழுதியிருந்தார்கள்.

கோவைக்காரன்:
சரி, 2019இல் ஏமி ஓர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை அலசினார்கள். பிள்ளைக்குப் பிள்ளை மனநலத்தில் இருக்கிற வேறுபாட்டில் போன், கம்ப்யூட்டர் போன்ற டிஜிட்டல் பயன்பாட்டின் பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம். இதற்கா இவ்வளவு பெரிய சட்டம்?

ஹாஸ்டல்வார்டன்:
சராசரியை வைத்து நான் என்ன செய்ய சார்? பெரும்பாலான பையன்களுக்கு ஒன்றுமில்லைதான். ஒருவன் மட்டும் விடியற்காலை மூன்று மணிவரை போர்வைக்குள் வெளிச்சமாக இருக்கிறான், முதல் பீரியடில் தூக்கம். அவனுக்குக் கணக்கே கிடையாது, சும்மா வீடியோ பார்க்கிறான். லாகின் இல்லாமல் யூடியூப் பார்ப்பதை ஆஸ்திரேலியச் சட்டமும் தடுக்கவில்லையே. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இந்த மாதிரி போன் பழக்கத்துக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது, கூட்டிப் போங்கள் என்றால் "என் பையன் என்ன பைத்தியமா" என்கிறார் அப்பா.

மெல்பர்ன்மீனா:
ராத்திரியில் போனை வாங்கி வைக்கலாமே சார்?

ஹாஸ்டல்வார்டன்:
பத்து மணிக்கே வாங்கி பீரோவில் பூட்டிவிடுவோம்மா. இது இரண்டாவது போன், வாங்கிக் கொடுத்ததே அந்த அப்பாதான்.

மெல்பர்ன்மீனா:
அதனால்தான் வீட்டை நம்பி விடாமல் கம்பெனி கழுத்தைப் பிடிக்கச் சொல்கிறேன்.