வீட்டு ரத்த அழுத்தக் கருவிக்கான பில்லிங்: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். வண்ணார்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கான மெடிக்கல் கோடிங் (சிகிச்சை விவரங்களைப் பில்லிங் குறியீடுகளாக மாற்றும்) வேலை பார்க்கிறேன்.

வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளும் ஒரு முதியவருக்குத் தானியங்கிக் கருவிக்குப் பில்லிங் குறியீடு ஏ4670 என்றும், அவர் கை பருமனாக இருந்ததால் தனியாக வாங்கிய பெரிய கைப்பட்டைக்கு ஏ4663 என்றும் ஒரே நாளில் அனுப்பிய கிளெய்மில் (காப்பீட்டுக் கோரிக்கையில்), மாநில மெடிக்கெய்டு திட்டம் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கைப்பட்டையை மட்டும் மறுத்துவிட்டது. கருவியோடு வரும் பட்டை அவருக்குப் பொருந்தாது. சிறிய பட்டையில் அளந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்பதால் இதை வீண் செலவென்று என்னால் விட்டுவிட முடியவில்லை. மேல்முறையீட்டில் மருத்துவர் குறிப்பில் கையின் சுற்றளவை எழுதச் சொன்னால் போதுமா, புதிதாக வாங்கிய பொருள் என்று காட்டும் என்யு மாடிஃபையரும் (குறியீட்டோடு சேர்க்கும் துணைக்குறி) சேர்க்க வேண்டுமா?

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அன்றி இக்கருவிக்குப் பணம் தருவதில்லை என்பது தெரியும்; என் கேள்வி மெடிக்கெய்டு பற்றியது.

இன்னொன்று: கருவியைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் பயிற்சிக்கான 99473 குறியீடு ஒரு கருவிக்கு ஒருமுறைதான். கருவி பழுதாகி வேறு மாதிரி வாங்கினால், மறுபடி பயிற்சி அளித்து அனுப்பிய கிளெய்ம் யாருக்காவது ஏற்கப்பட்டிருக்கிறதா? நோயாளி வீட்டில் எடுத்து அனுப்பும் அளவீடுகளுக்கான 99474-க்கு முப்பது நாளில் குறைந்தது 12 அளவீடுகள் வேண்டும். இவர் ஒன்பதுதான் அனுப்பியிருக்கிறார், ஆகவே அதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மேல்முறையீட்டுக்கு நாள் குறைவாக இருப்பதால், இத்தகைய மறுப்பைச் சரிசெய்தவர்கள் என்னென்ன ஆவணங்கள் இணைத்தீர்கள் என்று, நோயாளியின் விவரம் இல்லாமல், தெரிவிக்க வேண்டுகிறேன்.