மறு: ஃபேட்டட் மேட் என்பதற்குத் தமிழில்? (ஊழ்த்துணை / விதியிணை / பால்வரைத்துணை)

நண்பர்களுக்கு வணக்கம்.

நான் மொழிபெயர்க்கும் ஓநாய் மனிதர் கதையில் வரும் 'ஃபேட்டட் மேட்' (விதியே முடிச்சுப் போட்டுவைத்த ஜோடி) என்பதற்கு வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தமிழ்ச் சொல் கேட்டு மடல் போட்டேன். அதற்குள் பதினொரு சொல் வந்து குவிந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் மொழிபெயர்ப்புக்குள் வைத்துப் படித்துப் பார்த்தேன். அகராதியில் கம்பீரமாக உட்காரும் சொல், பதினேழு வயதுப் பெண்ணின் வாயில் போனதும் பல்லிளிப்பதை இந்த இரண்டு நாளில் நிறையப் பார்த்துவிட்டேன்.

இந்த வகைக் கதை படிக்காதவர்களுக்காக, சொல் வருகிற இடத்தை முதலில் காட்டிவிடுகிறேன். பெண் பள்ளிக்குப் புதிது. வகுப்பறைக் கதவு திறக்கிறது. உள்ளே வருபவன் ஓநாய் மனிதர் கூட்டத்தைச் சேர்ந்தவன். அவளுடைய வாசனை எட்டியதும் அப்படியே நின்றுவிடுகிறான். கையில் இருந்த நோட்டு நழுவுகிறது. அவனுக்குள் இருக்கும் ஓநாய் ஒற்றைச் சொல்லை உறுமுகிறது: "மேட்." அவள் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. ஆனால் இவளுக்கு இவன் என்பது இரண்டு பேரும் பிறக்கும் முன்பே முடிவாகிவிட்டது. மீதி முந்நூறு பக்கமும் அந்த முடிவோடு இருவரும் மல்லுக்கட்டுவதுதான் கதை.

> விதிக்காதல் என்று எளிமையாக வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கதவருகே நிற்பவனுக்கு வந்திருப்பது காதல் இல்லை. ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். காதல் வருமா வராதா என்பதுதான் அந்த முந்நூறு பக்கமும். நல்ல கதைகளில் நாயகி கேட்கும் கேள்வியே "நீ என்னை விரும்புகிறாயா, அல்லது உன் ஓநாய் விரும்பச் சொல்கிறதா?" என்பதுதான். சொல்லிலேயே காதலை வைத்துவிட்டால், அவள் கேட்கும் முன்பே நாம் பதில் சொன்னதாகிவிடும். அதனால் இந்தக் கலைச்சொல்லுக்குள் காதல், அன்பு, நேசம் எதுவும் வரக் கூடாது என்பது என் கட்சி. மற்ற எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கிறேன், இதில் இல்லை.

> ஆத்மதுணை, உயிர்த்துணை இரண்டும் ஏற்கனவே வழக்கில் இருக்கின்றன.

இருக்கின்றன. ஆனால் அவை சோல்மேட்டுக்குப் போய்விட்டன, இது வேறு சரக்கு. சோல்மேட்டுக்குப் பின்னால் இருப்பது பிளேட்டோவின் விருந்துரையாடலில் அரிஸ்டோபனீஸ் சொல்லும் கதை: ஆதியில் மனிதருக்கு நான்கு கை, நான்கு கால், சீயஸ் இரண்டாகப் பிளந்துவிட்டார், அன்றிலிருந்து ஒவ்வொரு பாதியும் மறுபாதியைத் தேடுகிறது. அங்கே தேட்டம் இருக்கிறது, ஒத்துப்போவது இருக்கிறது. சோல்மேட் என்ற ஆங்கிலச் சொல்லை 1822இல் கவிஞர் கோல்ரிட்ஜ் ஒரு கடிதத்தில் திருமணத்தைப் பற்றிச் சொல்லும்போது பயன்படுத்துகிறார். அவரும் மனப்பொருத்தத்தைத்தான் சொல்கிறார். ஃபேட்டட் மேட் அப்படி இல்லை, அது ஆணை. யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் பாஷெர்ட் என்று ஒரு சொல் உண்டு. 'விதிக்கப்பட்டது' என்பதே பொருள், விதிக்கப்பட்ட ஆளையும் அதே சொல்லால்தான் குறிப்பார்கள். கரு உருவாக நாற்பது நாள் இருக்கும்போதே 'இன்னாரின் மகள் இன்னாருக்கு' என்று வானிலிருந்து குரல் அறிவிக்கும் என்று யூதர்களின் சமயநூலான தல்மூதில் வருகிறது. நம் ஓநாய்ப் பையனின் நிலைமைக்கு நெருங்கின உறவு இதுதான். பொருத்தம் பார்த்து வந்த அறிவிப்பு இல்லை, அறிவிப்பு வந்த பிறகுதான் பொருத்தம்.

அப்புறம், ஐயா ஒருவர் எழுதிய நீண்ட மடல்.

> பால்வரை தெய்வம் என்பது தொல்காப்பியச் சொல். பால்வரைத்துணை என்க.

இந்த மடலை மூன்று முறை படித்தேன். ஊழுக்குப் பால் என்றொரு பெயர் இருப்பதும், களவியலில் தலைவனும் தலைவியும் முதன்முதல் எதிர்ப்படுவதே 'பாலது ஆணையின்' என்று சொல்லப்படுவதும் ஐயா காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பாலது ஆணை, அதாவது ஊழின் கட்டளை! நாம் பதினொரு சொல் போட்டுத் தேடுவதைத் தொல்காப்பியர் இரண்டு சொல்லில் முடித்துவைத்திருக்கிறார். தலைவியும் தலைவனும் ஒருவரை ஒருவர் தேடிப் போகவில்லை. ஆணை கூட்டிவைக்கிறது, அவர்கள் 'காண்ப', அவ்வளவுதான்.

குறுந்தொகை 229ஆம் பாட்டும் இதே இடம். சின்ன வயதில் இவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுப்பான், அவள் இவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடுவாள். செவிலிகள் விலக்கிவிட்டும் நிற்காத சண்டை. இப்போது இருவரும் சேர்ந்து உடன்போக்கில் போவதைப் பார்த்தவர்கள் 'நல்லை மன்றம்ம பாலே' என்கிறார்கள். விதியே, நீ நல்லதுதான் போ! எதிரிகளாக ஆரம்பித்துத் துணையாக முடியும் கதைக்கு இன்றைய இளையோர் நாவல்களில் தனி அலமாரியே இருக்கிறது. மோதாசனார் ஏழு அடியில் முடித்துவிட்டார்.

ஆனால் ஐயா மன்னிக்க வேண்டும். பால் இன்று அந்தப் பொருளில் உயிரோடு இல்லை. அந்தப் பாட்டிலேயே ஐம்பால் என்றால் கூந்தல், கடைசியில் வரும் பால் ஊழ். அன்றைக்கே இரண்டு வேலை பார்த்த சொல் இன்றைக்கு ஆண்பால், பெண்பால், பாலியல் என்று மொத்தமாக வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. பால்துணை என்று சுருக்கினால் பதினைந்து வயது வாசகர் என்ன படிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. பால்வரைத்துணை என்று முழுதாக எழுதினாலும் வரை என்பது மலையா, கோடா, எல்லையா என்று ஒரு நொடி தடுக்கும். கதவருகே நிற்கும் காட்சியில் அந்த ஒரு நொடி ரொம்பப் பெரிது.

(போகிற போக்கில் ஒன்று. அதே தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் இருவருக்கும் இருக்க வேண்டிய பத்து ஒப்புகளைப் பட்டியல் போடுகிறது. அதில் ஒன்று ஆண்டு, அதாவது வயது. 1901இல் பிறந்துவிட்டுப் பதினேழு வயதுப் பெண்ணோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ட்வைலைட் நாவலின் ரத்தக்காட்டேரியை உரையாசிரியர் இளம்பூரணர் எப்படி உரை எழுதிக் காப்பாற்றியிருப்பார் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.)

> விதித்துணை / விதியிணை. ஊழ் பழசு, விதி எல்லார் வாயிலும் இருக்கிறது.

எல்லார் வாயிலும் இருப்பதுதான் சிக்கலே. எந்தத் தொனியில் இருக்கிறது என்று பாருங்கள். "எல்லாம் என் விதி." "தலைவிதி, வேறென்ன." விதித்துணை என்று எழுதியதும் சோபாவில் படுத்துக் குறட்டை விடும் கணவன் கண் முன்னால் வருகிறான். அதோடு இந்தக் கதைகளில் மந்திரத்துக்கு விதிகள், கூட்டத்துக்கு விதிகள், பௌர்ணமிக்கு விதிகள் என்று பக்கத்துக்குப் பக்கம் விதி வரும். 'விதிப்படி அவன் தன் விதித்துணையை' என்று ஒரு வாக்கியம் எனக்கே வந்து விழுந்தது. அழித்துவிட்டேன்.

ஊழ் பழசுதான், செத்ததில்லை. பள்ளியில் குறள் படித்த எல்லாருக்கும் அது ஓர் அதிகாரத்தின் பெயர். ஊழ்வினை என்ற சொல் பேச்சிலேயே வரும். ஊழ் என்றாலே கெடுதல் அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, ஆகூழ் (ஆக்கம் தரும் ஊழ்), போகூழ் (இழப்பு தரும் ஊழ்) என்று அந்த அதிகாரம் இரண்டையும் வைத்துத்தான் தொடங்குகிறது. எனக்குப் பிடித்தது வேறு விஷயம். 'ஊழிற் பெருவலி யாவுள' என்று கேட்டவரே 620ஆம் குறளில் 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' என்கிறார். தளராமல் முயல்பவர் ஊழையே புறமுதுகு காட்ட வைப்பாராம். ஆணை, ஆணையோடு மல்லுக்கட்டு, இரண்டும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே நம் மொழியில் ஏற்கனவே நடந்திருக்கின்றன. விதிக்கு அந்தப் பின்னணி இல்லை. அதற்குப் புலம்பல்தான் இருக்கிறது.

சரி, முன்பாதி ஊழ். பின்பாதி துணையா, இணையா?

மனசு இணையைத்தான் கேட்டது. மேட் என்பதில் இருக்கும் விலங்கு வாடை இணைக்கு உண்டு. விலங்குகள் இணைசேர்வதாகத்தான் எழுதுகிறோம். துணையில் துணைத்தலைவர், துணைநூல் என்று அலுவலக நெடி. ஆனால் ஊழிணை என்று உரக்கப் படித்துப் பாருங்கள். 'ஊழினை' என்று காதில் விழும், ஊழை என்பதன் இன்னொரு வடிவம்! "அவன் ஊழிணை வென்றான்" என்று ஒலிநூலில் கேட்டால் விதியை வென்றானா, பெண்ணை வென்றானா? ண, ன வித்தியாசத்தைக் குரலில் காட்டுகிறவர்கள் எத்தனை பேர்? மனசில்லாமல் கைவிட்டேன்.

ஆகவே ஊழ்த்துணை. வல்லின மெய் கொஞ்சம் முரடு, ஆனால் ஊழ்த்துணையை, ஊழ்த்துணைக்கு, ஊழ்த்துணைகள் என்று வேற்றுமையெல்லாம் வழுக்காமல் ஏற்கிறது. அந்த இருவருக்கிடையே இருக்கும் கட்டுக்கு ஊழ்ப்பிணைப்பு. உறுமலுக்கு மட்டும் "இணை!" என்றே வைத்துக்கொள்கிறேன். விமர்சனக் கட்டுரைக்கு வேண்டிய சொல்லும் ஓநாயின் தொண்டையில் இருந்து வரும் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

> இம்ப்ரிண்டிங்கும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. இம்ப்ரிண்டிங் ஒருபக்கக் கட்டு. சொல் விலங்கியலில் இருந்து வந்தது. முட்டையிலிருந்து வெளிவந்ததும் முதலில் கண்ட அசையும் உருவத்தின் பின்னாலேயே வாத்துக் குஞ்சுகள் போவதைப் பற்றி கொன்ராட் லோரன்ஸ் 1935இல் எழுதினார். அவர் வைத்த ஜெர்மன் சொல் நாணயத்தில் முத்திரை அடிப்பதற்கான சொல். ட்வைலைட் தொடர் அதை ஓநாய்களுக்கு ஏற்றியது. 2008இல் வந்த நான்காம் நாவலில் ஓநாய்ப் பையன் அப்போதுதான் பிறந்த ஒரு குழந்தையிடம் அப்படிக் கட்டுண்டு போகிறான். வாசகர்கள் நெளிந்த இடம் அது. அங்கே போய்க் காதல் என்ற சொல்லைப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நான் ஏன் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறேன் என்பது புரியும். பதிவு, பதித்தல் எல்லாம் சார்பதிவாளர் அலுவலகம். இம்ப்ரிண்டிங்குக்கு நான் ஆட்படல் என்று வைக்கிறேன். ஆட்பட்டவனுக்குத்தான் கட்டு, எதிரில் இருப்பவருக்கு எதுவும் இல்லை. பக்திப் பாடல்களில் புழங்கிய சொல், அந்தக் கிறுகிறுப்பும் கூடவே வருகிறது.

கண்டதும் காதல், முக்கோணக் காதல் இரண்டும் கைவசம் இருக்கின்றன, அவற்றைத் தொட வேண்டாம்.

கடைசியாக, துணையை மறுக்கும் காட்சி. இப்போது இணையத்தில் எழுதப்படும் ஓநாய்க் கதைகளில் இதற்கு ஒரு சடங்கு வாசகமே உண்டு: இன்னாராகிய நான், இன்னாராகிய உன்னை, என் மேட்டாக ஏற்க மறுக்கிறேன். சொன்னதும் இருவருக்கும் நெஞ்சு பிளப்பதுபோல் வலிக்கும். இது மேற்கத்தியச் சரக்கு, நம்மிடம் இதற்கு முன்னோடி கிடையாது என்று ஒருவர் எழுதியிருந்தார். மணிமேகலையை மறந்துவிட்டார். சோழ இளவரசன் உதயகுமரன் அவளுக்குப் போன பிறவியில் கணவன், அப்போது அவன் பெயர் இராகுலன். அது தெரியும் முன்பே, தன்னை இழிவாகப் பேசியவன் என்றும் பாராமல் 'புதுவோன் பின்றைப் போனது என் நெஞ்சம்' என்று அவளே சொல்கிறாள். ஊழ்ப்பிணைப்புக்கு இதைவிடத் துல்லியமான வரி எனக்குத் தெரியாது. ஆனாலும் அவள் அவனிடம் போகவில்லை. மந்திரத்தால் வேறு உருவம் எடுத்துக்கொண்டு பசித்தவர்களுக்குச் சோறு போடப் போகிறாள். உருமாறும் நாயகி, முற்பிறவிக் கட்டு, மறுப்பு. பட்டியல் முழுதும் டிக்.

அந்த வாசகத்தை முதலில் அப்படியே மாற்றினேன்: "உன்னை என் ஊழ்த்துணையாக ஏற்க மறுக்கிறேன்." பிரமாணப் பத்திரம் மாதிரி இருந்தது. நேற்று ராத்திரி ஒரு மணிக்கு வேறு விதமாக எழுதினேன். ஊழிணையிலோ ஆத்மதுணையிலோ இது நடந்திருக்காது. ஊழ்த்துணையில் இரண்டு சொல்லும் தனித்தனியாக உயிரோடு இருப்பதால், நடுவில் கத்தி போட முடிந்தது. அவள் அவனைப் பார்த்துச் சொல்கிறாள்:

"ஊழ் சரி. துணையா இல்லையா என்பதை நான்தான் சொல்லணும்."

பத்தொன்பதாம் அத்தியாயம் நாளை மாலை பதிப்பாசிரியருக்குப் போகிறது. ஆட்சேபம் இருப்பவர்கள் அதற்குள் எழுதவும். ஆட்படலில் எனக்கே இன்னும் பாதி மனசுதான்.