புதுப்பிப்பு: மைக் உதட்டைச் சுட்டது நின்றுவிட்டது (ஹாம் ரேடியோ, 40 மீட்டர் அலைவரிசை, எண்ட்-ஃபெட் ஆன்டெனா)

போன மாதம் கேட்டிருந்தேன்: கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீட்டு மாடியில் 20 மீட்டர் நீள எண்ட்-ஃபெட் கம்பி (ஒரு முனையில் சிக்னல் கொடுக்கும் ஆன்டெனா; நீளம் 40 மீட்டர் அலையில் பாதி). 7.1 மெகாஹெர்ட்ஸில் 100 வாட் விட்டுப் பேசினால் மைக்கின் உலோகம் உதட்டில் சுருக்கென்று சுடுகிறது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தீர்ந்தது.

முதலில் எர்த் கம்பியைத் தடிமனாக மாற்றினேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. "மின்னோட்டம் கோஆக்ஸின் (ரேடியோவை ஆன்டெனாவோடு இணைக்கும் கேபிள்) வெளிப்புறமாகவே அறைக்குள் வருகிறது, அதைத் தடுக்க சோக் போடுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. 43 ரக ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் கேபிளை 12 சுற்று சுற்றினேன்; அதுதான் சோக். கம்பியும் கேபிளும் சேரும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை ஒட்டிப் போட்டபோது எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்ற அளவு; குறைவாக இருந்தால் நல்லது) எகிறியது. 2 மீட்டர் தள்ளிப் போட்டதும் சரி. அந்த 2 மீட்டர் கோஆக்ஸ்தான் ஆன்டெனாவுக்கு எதிர்க்கம்பி, அதாவது மின்னோட்டம் திரும்பும் வழி.

எதிர்பாராத விஷயம் வேறு. கம்பியின் மறுமுனை எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தார். போய்ப் பார்த்தால் துணிக்கொடிக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் உயரத்தில்! அரை அலைக் கம்பியின் நுனியில்தான் மின்னழுத்தம் உச்சம். 100 வாட்டிலேயே நூற்றுக்கணக்கான வோல்ட். தொட்டால் தோல் வெந்துவிடும். அம்மா துணி காயப்போடும் நேரத்தில் நான் கீழே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். நினைத்தாலே பகீரென்கிறது. இப்போது மூங்கில் கட்டி நுனியை 4 மீட்டர் உயர்த்திவிட்டேன். மாடிக்கு யாராவது போனால் பேச்சு நிற்கும்.

அப்புறம், கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பாசி மாதிரி களிம்பு. கடற்காற்று. அதையும் மாற்றி டேப் சுற்றியாயிற்று.