கோவில் ரசீதுக் கோப்பு: மேப் செய்த நினைவகத்தில் நேரடியாக எழுதலாமா?

சாட்ஸ்வொர்த்:
வணக்கம். டர்பனில் எங்கள் கோவிலின் அர்ச்சனைச் சீட்டுகளையும் நன்கொடை ரசீதுகளையும் பதிவு செய்ய, லினக்ஸ் கணினியில் இயங்கும் நிரல் ஒன்றை சி மொழியில் எழுதியிருக்கிறேன். ரசீது ஒன்றுக்கு 128 பைட் ஒதுக்கி, மொத்தக் கோப்பையும் எம்மேப் அழைப்பின் மூலம் பகிர்வு முறையில் நினைவகத்தோடு இணைத்துவிட்டு, இயங்குதளம் தரும் முகவரியில் பாயிண்டர் (நினைவக முகவரியைச் சுட்டும் மாறி) வழியாக நேரடியாக எழுதுகிறேன். கோப்பின் முதல் பக்கத்தில் (பக்கம் என்பது இயங்குதளம் நினைவகத்தைக் கையாளும் ஒரு துண்டு) ரசீதுகளின் எண்ணிக்கை இருக்கும். புது ரசீது சேர்ந்ததும் அதில் ஒன்றைக் கூட்டுவேன். மின்வெட்டு வரும் ஊரில் இப்படி எழுதுவது ஆபத்து, கோப்பில் எழுதும்படி இயங்குதளத்தைக் கேட்கும் ரைட் அழைப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

பீனிக்ஸ்:
சரிதான். பாயிண்டர் வழியாக நீங்கள் எழுதியது வட்டுக்குப் போய்விடவில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல், கோப்பின் பக்கங்களைத் தற்காலிகமாக நினைவகத்தில் வைத்திருக்கும் பேஜ் கேஷில் நிற்கிறது. அங்கிருந்து அது எப்போது வட்டில் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது கர்னல். லினக்ஸின் இயல்பான அமைப்பில், 5 வினாடிக்கு ஒருமுறை விழித்துக்கொள்ளும் ஒரு பின்னணிப் பணி, எழுதி 30 வினாடிக்கு மேலான பக்கங்களை வட்டில் இறக்குகிறது. நினைவகத்துக்கு நெருக்கடி வந்தால் அதற்கு முன்பே இறக்கிவிடும். எந்தப் பக்கம் முதலில் போகும் என்பதும் உங்கள் கையில் இல்லை. எண்ணிக்கை உள்ள பக்கம் இறங்கி, ரசீது உள்ள பக்கம் இறங்குவதற்குள் மின்சாரம் போனால், மறுபடி கணினியைத் திறக்கும்போது எண்ணிக்கை 501 என்று சொல்லும், ஆனால் 501ஆவது ரசீதின் இடத்தில் வெறும் பூஜ்யங்கள்தான் இருக்கும். ரைட் அழைப்பில், ரசீதை என் சொந்த நினைவகத்தில் முழுதாகத் தயாரித்து முடிக்கும்வரை கர்னலின் கண்ணில் காட்டாமல் வைத்துக்கொள்ள முடியும். மேப்பில் அந்த வசதி இல்லை. வைத்த ஒவ்வொரு பைட்டும் வைத்த நொடியிலிருந்தே வட்டுக்குப் போகத் தகுதி பெற்றுவிடுகிறது.

மாரிட்ஸ்பர்க்:
நண்பர் பீனிக்ஸ் சொன்ன தகவல்கள் சரி, ஆனால் அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவை நான் ஏற்கவில்லை. ரைட் அழைப்பும் அதே பேஜ் கேஷில்தான் எழுதுகிறது. எழுதியதை வட்டில் இறக்கச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பைச் செய்யாதவரை மின்வெட்டில் அதுவும் போய்விடும். அதேபோல, கணினி ஓடிக்கொண்டிருக்க நிரல் மட்டும் விழுந்தால், இரண்டு வழியிலும் எழுதியது பத்திரமாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பக்கங்கள் நிரலுக்குச் சொந்தமானவை அல்ல.

எழுதும் வரிசையைக் காக்க வழி இருக்கிறது. ரசீதை எழுதி, அந்தப் பக்கத்துக்கு எம்சிங்க் அழைப்பை (மேப் செய்த பக்கத்தை வட்டில் இறக்கச் சொல்வது) காத்திருக்கும் முறையில் செய்யுங்கள். அது திரும்பிய பிறகே எண்ணிக்கையைக் கூட்டி, மறுபடி எம்சிங்க் செய்யுங்கள். பாதி எழுதிய ரசீது முன்கூட்டியே வட்டில் இறங்கினால் இறங்கட்டுமே, எண்ணிக்கை அதைக் கணக்கில் சேர்க்காதபோது அதனால் என்ன கேடு? கர்னல் அவசரப்பட்டால் கெடுவது, ஏற்கெனவே உள்ள பதிவின் மேலேயே எழுதும் அமைப்புதான். எல்எம்டிபி தரவுத்தளத்தைப் பாருங்கள்: உயிரோடு உள்ள பக்கத்தை அது ஒருபோதும் திருத்துவதில்லை, மாற்றத்தைப் புதுப் பக்கத்தில் எழுதி, எது நடப்பு நிலை என்று காட்டும் இரண்டு மேல்நிலைப் பக்கங்களை மாறி மாறிப் பயன்படுத்துகிறது.

பீனிக்ஸ்:
எல்எம்டிபியை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. அது இயல்பாகக் கோப்பை வாசிப்பதற்கு மட்டும் மேப் செய்கிறது, எழுதுவது கோப்பு அழைப்புகள் வழியாகத்தான். நேரடியாக எழுதும் முறை தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய ஒரு தேர்வு. எஸ்க்யூலைட் தரவுத்தளமும் மேப்பை வாசிப்புக்கு மட்டுமே வைத்திருக்கிறது. நிரலில் வழிதவறிய ஒரு பாயிண்டர் தரவுத்தளத்தையே கெடுத்துவிடக் கூடாது என்பது அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. மோங்கோடிபி தரவுத்தளத்தின் பழைய சேமிப்பு அமைப்பு முழுக்க மேப்பின் மேல் நின்றது, 3.2 பதிப்பில் அது இயல்பு அமைப்பாக இருப்பது போய், 4.2இல் முற்றாக நீக்கப்பட்டது. தரவுத்தளங்களில் எம்மேப் வேண்டுமா என்று 2022இல் குரோட்டி, லைஸ், பாவ்லோ மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையும், எழுதும் ஒழுங்கு, பிழை கையாளுதல் இரண்டையும் முக்கியச் சிக்கல்களாகச் சொல்கிறது.

பிழை கையாளுதல்தான் கோவில் கணினியில் முதலில் கடிக்கும். வட்டு நிறைந்துவிட்டால் ரைட் அழைப்பு அதைச் சொல்லித் திரும்புகிறது. நீங்கள் திரையில் ஒரு செய்தி காட்டலாம். மேப்பில், இடம் ஒதுக்கப்படாத பக்கத்தைத் தொட்டதும் சிக்பஸ் என்ற பிழைச் சமிக்ஞை வந்து, பிடிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் நிரல் அங்கேயே விழும். எழுதுவது மதிப்பு வைக்கும் சாதாரண ஒரு வரி என்பதால், எந்த வரியில் பிழையை எதிர்பார்ப்பது என்பதே தெரியாது.

லெனேசியா:
இடையில் ஒன்று. இந்த நிரலைப் பிறகு விண்டோஸுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், அங்கே எம்சிங்கின் இடத்தில் வரும் ஃப்ளஷ்வியூஆஃப்ஃபைல் அழைப்பு மட்டும் போதாது. அது வட்டில் எழுதி முடியும்வரை காத்திருப்பதில்லை. தொடர்ந்து ஃப்ளஷ்ஃபைல்பஃபர்ஸ் அழைக்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த்:
ரத்து செய்யும் ரசீதை இப்போது அந்த இடத்திலேயே திருத்துகிறேன். மாரிட்ஸ்பர்க் சொல்லும் முறையில் அது தவறாகுமா?

மாரிட்ஸ்பர்க்:
தவறுதான், கணக்கு எழுதுவோர் முறைப்படியும் தவறு. எந்தக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதியதை அழிப்பார்? ரத்தை எதிர்ப்பதிவாகக் கடைசியில் சேர்த்துவிடுங்கள். வட்டு நிறைவதைப் பற்றிய பயத்துக்கு, கோப்பைத் திறக்கும்போதே போசிக்ஸ் ஃபால்லொக்கேட் மூலம் அந்த ஆண்டுக்கு வேண்டிய இடத்தை ஒதுக்கச் சொல்லலாம். இடம் இல்லையென்றால் காலையில், வரிசை சேரும் முன்பே தெரிந்துவிடும். வழிதவறிய பாயிண்டருக்கு எம்ப்ரொடெக்ட் இருக்கிறது: முடிந்த பக்கங்களை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டிவிடலாம். பழுதான வட்டு தரும் சிக்பஸ் மட்டும் மிஞ்சும், அதை மறுக்கவில்லை.

பீனிக்ஸ்:
ஆக இரண்டு எம்சிங்க், முன் ஒதுக்கீடு, பக்கப் பூட்டு, சமிக்ஞைக்கு ஒரு கையாளி. இத்தனையும் சேர்த்தபின் மேப் உங்களுக்குத் தந்த லாபம் என்ன? நேரடி எழுத்தின் வேகம் அமைப்பு அழைப்பைத் தவிர்ப்பதில்தான் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு ரசீதும் வட்டுக்காகக் காத்திருக்கிறது, அந்தக் காத்திருப்பின் முன் ஒரு ரைட் அழைப்பின் செலவு ஒன்றுமே இல்லை. காவடி நாளில்கூட ஒரு கவுண்டரில் சில வினாடிக்கு ஒரு ரசீது போகும், அவ்வளவுதான். நான் எழுதினால் எண்ணிக்கையையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு 128 பைட்டுக்குள்ளும் வரிசை எண்ணும், பதிவு சிதைந்ததா என்று காட்டும் சிஆர்சி சரிபார்ப்பு எண்ணும் வைப்பேன். ஒரே பிரைட் (குறித்த இடத்தில் எழுதும் ரைட்), ஒரே எஃப்டேட்டாசிங்க் (எஃப்சிங்க் போல வட்டில் இறக்குவது). திறக்கும்போது சரிபார்ப்பு பொருந்தாத கடைசிப் பதிவைத் தள்ளிவிடுவேன்.

மாரிட்ஸ்பர்க்:
சிஆர்சி யோசனை மேப்புக்கும் அப்படியே பொருந்தும். அப்போது எனக்கும் ஒரே எம்சிங்க்தான். ஆனால் ஆண்டறிக்கைக்காகப் பழைய ரசீதுகள் எல்லாவற்றையும் புரட்டும்போது, பாயிண்டரில் நடந்து போவதன் சுகம் உங்கள் முறையில் கிடையாது.

பீனிக்ஸ்:
கிடைக்கும். வாசிக்க மேப், எழுத பிரைட். லினக்ஸில் உள்ளூர்க் கோப்புக்கு இரண்டும் ஒரே பேஜ் கேஷைப் பார்ப்பதால், எழுதியது வாசிப்பவருக்கு உடனே தெரியும்.

சாட்ஸ்வொர்த்:
இருவருக்கும் நன்றி. சிஆர்சி சேர்த்து, எழுதுவதை பிரைட்டுக்கு மாற்றி, வாசிப்புக்கு மட்டும் மேப்பை வைத்துக்கொள்கிறேன். இந்த வாரம் கில் கட்டளையால் நிரலை நடுவில் நிறுத்தி நிறுத்திச் சோதித்துப் பார்ப்பேன்.

மாரிட்ஸ்பர்க்:
அந்தச் சோதனை மின்வெட்டைப் பற்றி எதையும் சொல்லாது. கில் செய்தால் பேஜ் கேஷ் அப்படியே இருக்கும், எந்த முறையில் எழுதியிருந்தாலும் ரசீதுகள் எல்லாம் இருப்பதாகவே தெரியும். பழைய கணினி ஒன்றில், நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். எந்த எண் வரை எஃப்டேட்டாசிங்க் முடிந்தது என்பதை வேறொரு கணினிக்கு அனுப்பிப் பதிவு செய்துகொண்டு, திரும்பத் திறந்ததும் அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.